இடுப்பு மூட்டில் எழும் சத்தமும் வைத்தியரிடம் போகவேண்டிய வேளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலைத் தூக்கி இறக்கும்போது இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், எமது வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரு சாரார் எலும்பு தேய்ந்துவிட்டது என்று தாமாகவே முடிவுகட்டிப் பிள்ளையின் நடன வகுப்பையும் விளையாட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். மறுசாரார் 'வாய்வு' என்று சொல்லி எண்ணெய் பூசி உருவிவிட்டு, பிள்ளை நொண்டத் தொடங்கிய பிறகும் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, அதனுடன் கூட வருவது என்ன என்பதையே பார்க்கவேண்டும் என்பதை, இயன்மருத்துவத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்ற முறையில் தங்கள் பத்திரிகை வாயிலாக விளக்க விரும்புகிறேன்.

தொடையென்பின் உருண்டைத் தலை இடுப்பென்பின் குழிக்குள் ஆழமாகப் பொருந்தியிருப்பதே இடுப்பு மூட்டு. ஆனால் நாம் கேட்கும் சத்தங்களில் பெரும்பாலானவை அந்த மூட்டுக்குள் பிறப்பவையே அல்ல. தொடையின் வெளிப்புறமாக இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கும் அகன்ற நார்ப்பட்டை ஒன்று, பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டின் மீது முன்னும் பின்னுமாக நகர்கிறது. அது இறுகியிருந்தால் நகராமல் தெறித்துத் தாண்டும். நின்றபடி உள்ளங்கையை அந்த மேட்டின்மேல் வைத்துக்கொண்டு தொடையை மடக்கி நீட்டினால் அந்தத் தாண்டலைக் கையாலேயே உணரலாம். சிலருக்கு மூட்டே கழன்று மாட்டுவதுபோல் தோன்றும், ஆனால் எதுவும் கழல்வதில்லை. மற்றொரு வகைச் சத்தம் தொடைச்சந்தில் எழுவது. நாரிப் பகுதி முள்ளென்புகளிலிருந்து இறங்கித் தொடையென்பில் பற்றும் தசையின் நாண், இடுப்பென்பின் முன்பக்க மேட்டைத் தாண்டும்போது, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி ஓசை எழலாம். வெளிப்புறத்தது கண்ணுக்குத் தெரியும், உட்புறத்தது காதுக்குக் கேட்கும் என்று எங்கள் துறையில் சொல்வதுண்டு.

மூட்டுக்குள் இருக்கும் பாய்மத்தில் கரைந்துள்ள வாயு குமிழியாக வெளிப்படும்போதும் ஒரு சொடுக்குக் கேட்கும். அந்த அளவில் 'வாய்வு' என்போர் முற்றிலும் பிழையானவர்கள் அல்லர். ஆயினும் இந்த வாயு பருப்பாலும் பலாக்காயாலும் வருவதல்ல, எண்ணெய் பூசிப் போவதுமல்ல. ஒருமுறை சொடுக்கிய மூட்டு சற்று நேரத்துக்கு மறுபடி சொடுக்காது என்பதும், தசைநாண் தாண்டும் சத்தமோ அதே அசைவில் ஒவ்வொரு முறையும் கேட்கும் என்பதும் இவற்றைப் பிரித்தறிய உதவும். நோவில்லாத வரையில் இவை எவற்றுக்கும் சிகிச்சை தேவையில்லை.

நடனம் பயிலும் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுவதில் வியப்பில்லை. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியில் தொடைகள் வெளிப்புறமாகத் திரும்பவேண்டும், அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தே வரவேண்டும். மூட்டுக்குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு திருப்பம் வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளை பாதங்களை மட்டும் வலிந்து திருப்பி நிற்கும்போது, முழங்கால் முறுக்கப்படுவதோடு இடுப்பின் முன்பக்கத் தசையும் ஓயாமல் இழுபடுகிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் பயிற்சி திடீரெனக் கூடுவதும், சீமெந்துத் தரையில் மணிக்கணக்காக மண்டி அடவு செய்வதும், அதுவரை வெறும் சத்தமாக இருந்ததை நோவாக மாற்றிவிடக்கூடும். பாதத்தை இன்னும் திருப்பு என்று அதட்டும் ஆசிரியர்கள், அந்தப் பிள்ளையின் முழங்கால் பாதத்தின் நேரே நிற்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. நோவு தொடங்கினால் அந்த அசைவைச் சில வாரங்களுக்குக் குறைத்து, இறுகிய தசைகளைத் தளர்த்தியும் பிட்டத் தசைகளை வலுவாக்கியும் பயிற்சி செய்தால் பெரும்பாலானோருக்குக் குணம் கிடைக்கும்.

இனி வைத்தியரிடம் செல்லவேண்டிய நிலைமைகள். சத்தத்தோடு தொடைச்சந்தில் நோவு இருந்தாலோ, மூட்டு இடைநடுவில் கொளுவி நின்றாலோ, கால் திடீரென்று தாங்காமல் விட்டுக்கொடுத்தாலோ, குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள கசியிழைய (குருத்தெலும்பு) வளையம் கிழிந்திருக்கலாம், அல்லது உள்ளே துண்டொன்று பெயர்ந்திருக்கலாம். சைக்கிளில் ஏறுவதற்குக் காலை வீசும்போதும், நெடுநேரம் இருந்து எழும்பும்போதும் இந்நோவு குத்தும். சாதாரண எக்ஸ்றேயில் தசைநாணும் இந்த வளையமும் தெரியா. எனவே 'எக்ஸ்றே கிளியர்' என்ற ஒரு சொல்லோடு அமைதியடையாமல், நோவு தொடர்ந்தால் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்குச் செல்லவேண்டும். நெடுங்காலம் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவர்களும் மது அதிகம் அருந்துபவர்களும் இன்னும் விரைவாகச் செல்வது அவசியம், ஏனெனில் அவர்களுக்குத் தொடையென்புத் தலைக்கான குருதியோட்டம் குன்றி அந்த எலும்பு இறந்துபோகும் ஆபத்து உண்டு.

சிறுவர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. இடுப்பு மூட்டின் நோய் பல வேளைகளில் முழங்கால் நோவாகவே வெளிப்படும். பத்து முதல் பதினாறு வயதுக்குள், குறிப்பாக உடற்பருமன் உள்ள பிள்ளை, முழங்கால் நோகுது என்று நொண்டி, பாதமும் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தால், தொடையென்பின் தலை, எலும்பு வளரும் பகுதியான வளர்ச்சித் தட்டிலிருந்து வழுக்கியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளையை நடக்கவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். காய்ச்சலோடு இடுப்பை அசைக்க விடாமல் அழும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் மூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தால் சில நாட்களிலேயே மூட்டு அழிந்துவிடும்.

கைக்குழந்தையின் இடுப்பில் கேட்கும் சொடுக்குகளில் பல தீங்கற்றவை என்றாலும், அதை வீட்டில் தீர்மானிக்கக்கூடாது. தலைக்குப் பதிலாகப் பிட்டமோ காலோ முன்னே வரப் பிறந்த பிள்ளை, தாய்க்கோ சகோதரருக்கோ இதே குறை இருந்த பிள்ளை, பெண் குழந்தை ஆகியோருக்கு மூட்டு விலகியிருக்கும் வாய்ப்பு அதிகம். துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல் விரியாவிட்டாலோ, ஒரு கால் கட்டையாகத் தெரிந்தாலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். முதல் மாதங்களில் ஸ்கான் செய்து கண்டுபிடித்தால் வார்ப்பட்டி அணிவித்தே திருத்திவிடலாம். பிள்ளை நடக்கத் தொடங்கிய பின் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். கால்களை நேராக்கி இறுக்கிச் சுற்றும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். இடுப்பில் கால் விரித்து இருத்தித் தூக்கும் எமது வழக்கமோ மூட்டுக்கு உகந்தது.

வயோதிபர் விழுந்து கால் ஊன்ற முடியாதிருந்தாலும், கால் கட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தாலும், இழுத்துப் பார்க்காமல், உருவாமல், 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். விழுந்தவர் எழும்பி நடந்துவிட்டார் என்பதால் முறிவு இல்லை என்று கொள்ளவும் முடியாது. சில முறிவுகளில் எலும்பு முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நிற்பதால் சில நாட்கள் நடக்க முடியும். பின்னர் அவை விலகிவிடும். ஆகவே தொடைச்சந்து நோவு இருந்தால் நடந்து திரிபவரையும் எக்ஸ்றேக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை இயன்மருத்துவர்,
கொக்குவில்.