வலை பொத்தித் தந்த ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

16 வருடம் டென்னிஸ் விளையாடினேன், பயிற்றுநராகி இந்தக் கிழமையோடு 5 வருடம். பெயர் போட்டால் கோபிப்பீர்கள், அதனால் போடவில்லை. யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் திருகோணமலை உப்புவெளிக் கரையில் வலை பொத்துகிற ஐயா. கோர்ட் வலை நடுவில் கிழிந்து பந்தெல்லாம் அதற்குள்ளால் போய்க்கொண்டிருந்தது, புதிது வாங்கக் காசில்லை. நீங்கள் வந்து பார்த்தீர்கள், ஒன்றும் பேசாமல் மடியிலிருந்து ஊசியை எடுத்து நைலோன் நூலால் கண்ணுக்குக் கண் பொத்தினீர்கள். நடுவில் 91.4 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும் என்றதும் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டு, "இப்ப அளந்து பார் தம்பி" என்றீர்கள். அளந்தேன், அச்சொட்டாக இருந்தது.

அக்கா, இரவுக் கோச்சியில் நான் கொழும்புக்குப் போன ஒவ்வொரு முறையும் புட்டுப் பார்சலோடு, காப்பை அடகு வைத்த காசையும் கையில் திணித்தாயே, மறக்கவில்லை.

சேர், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சேர்வ் அடிக்கப் பந்தை உயரத் தூக்கிப் போட்டு நான் திணறினபோது, கை எட்டுகிற அளவுக்குத்தான் தூக்கு, அது உச்சியில் நிற்கும்போதே அடி என்று நாள்கணக்கில் நின்று காட்டினீர்கள். ஃபியூச்சர்ஸ் என்ற ஆரம்பநிலைத் தொழில்முறைப் போட்டியின் முதல் சுற்றில் வென்று, உலகத் தரவரிசைக்கான என் ஒரேயொரு ஏடிபி புள்ளியை எடுத்த அன்று, கடைசி கேமில் கைகொடுத்தது அந்த சேர்வ்தான்.

அப்புறம் தோள் போனது. மூன்று மாதம் கோர்ட் பக்கமே போகாமல் கிடந்த என்னிடம், பெரிய டென்னிஸ் வீரர் இவான் லெண்டில் விம்பிள்டனை ஒருமுறையும் வெல்லவில்லை, ஆனால் 2013இலும் 2016இலும் அண்டி முர்ரே அதை வென்றபோது பயிற்சி கொடுத்தவர் அவர்தானே என்று சொல்லி, மறுநாளே நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பிசியோ அண்ணா, இன்று நான் செய்கிற வேலை நீங்கள் தந்தது.

லண்டனிலிருந்து சிவப்புப் பந்துப் பெட்டி அனுப்பிய நண்பனுக்கும் நன்றி. சாதாரணப் பந்தைவிட அது 75 சதவீதம் மெதுவாக வரும், ஆறு வயதுப் பிள்ளையும் ஓடிப்போய் எடுத்து அடிக்கலாம். கோர்ட்டின் அகலம் 10.97 மீற்றர், அதிலேயே குறுக்காகக் கோடு போட்டுக் குட்டிக் கோர்ட்டுகள் பிரித்திருக்கிறேன். ஞாயிறு காலையில் வந்து பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டும்!

ஐயா, நீங்கள் பொத்தின இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கம்பத்துப் பக்கம்தான் இப்போது இரண்டு கண் விட்டிருக்கிறது. நேரம் கிடைத்தால் ஊசியோடு வாருங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.