ஊறி மேலே வந்த எழுத்து

சென்னை
சனிக்கிழமை இரவு

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு சுகர் குறைந்ததா? ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போனையும் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறேன். நீ திட்டியதெல்லாம் சரிதான். காரணம் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் வகுப்புக் கதையிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வாய் வரும்.

ஆர்ட் ஜர்னல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். டைரிதான், ஆனால் எழுத்தோடு படம், வண்ணம், ஒட்டிய காகிதம் எல்லாம் சேர்ந்த டைரி. வரையத் தெரியாதவர்களுக்கென்றே நாலு சனிக்கிழமை நடத்துகிறார்கள். என் ரெகார்ட் நோட்டுத் தவளைக்கு நீ நீலம் அடித்துக் கொடுத்தாயே, அதற்கப்புறம் நான் பிரஷ்ஷைத் தொடுவது இப்போதுதான்.

கடைக்காரர் மேல்தான் கோபம். "எல்லாம் ஒரே பேப்பர்தான்மா" என்று அழகான நோட்டு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். தண்ணீர் பட்டதும் தாள் அப்பளமாக நெளிந்துவிட்டது. வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள கெட்டித் தாள் இருந்தால் நல்லதாம். டீச்சர் தூக்கிப் போடவிடவில்லை. இரண்டிரண்டு தாளாகச் சேர்த்து ஒட்டி, மேலே ஜெஸ்ஸோ பூசச் சொன்னார். சுவருக்குப் பிரைமர் அடிப்போமே, அதுபோல ஒரு வெள்ளைப் பூச்சு. பழைய ஏடிஎம் கார்டால் வழித்துப் பரப்ப வேண்டும். தோசைக்கல்லில் மாவு இழுப்பது போலவே கை போகிறது, ராஜி!

மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் டைரிப் பக்கங்களையும் காட்டினார். 1954-இல் இறக்கும்வரை, கடைசிப் பத்து வருடம் போல எழுதிய டைரி. மை சிந்திய இடத்தை அந்த அம்மாள் கிழிக்கவில்லை. அந்தக் கறைக்கே கண்ணும் மூக்கும் வைத்து முகமாக்கியிருக்கிறார். 1953-இல் வலது காலை எடுத்த பிறகும் விடவில்லை. அந்தப் பக்கங்களை விட்டு எனக்குக் கண் எடுக்க முடியவில்லை.

இன்றைய பாடம்: யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுது, அதன்மேல் ஜெஸ்ஸோ பூசி மறை, காய்ந்த பிறகு அதன்மேல் படம் வரை. பேனா கிடைக்காமல் நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டேன். ஈரம் பட்டதும் மை ஊறி மேலே வந்துவிட்டது. இரண்டாம் பூச்சுக்கும் அடங்கவில்லை. மற்றதெல்லாம் மங்கி, 'சொதி' என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக நிற்கிறது.

உனக்குத்தான் எழுதியிருந்தேன். அம்மா இறந்த அன்று மழையில் பஸ் கிடைக்கவில்லை என்றேன் அல்லவா? பஸ் இருந்தது. கிளாம்பாக்கத்தில் டிக்கெட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை. சனிக்கிழமைதோறும் எனக்கென்று ஒரு கிண்ணம் சொதி எடுத்து வைத்த கையை அசையாமல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ தனியாக நின்றிருப்பாய் என்று தெரிந்தும் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் உன் குரலைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பொய்தான் முன்னால் வந்து நிற்கிறது. மன்னித்துவிடு, ராஜி.

மூன்றாம் பூச்சு வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைச் சுற்றி அம்மாவின் பித்தளைக் கிண்ணத்தை வரைந்து வைத்திருக்கிறேன், நசுங்கிய விளிம்போடு.

எதிர்ப் பக்கம் காலியாக இருக்கிறது. அம்மா சொன்ன பக்குவத்தில் சொதிக் குறிப்பை உன் கையால் எழுதி அனுப்பு. தேங்காய்ப்பால் மூன்றையும் எப்போது எப்போது ஊற்றுவது என்பதை மறக்காமல் எழுது. நல்ல கெட்டித் தாளில் எழுது, ஒட்ட வேண்டும்.

உன்
மீனா