மாநிலக் காப்பீட்டுச் சந்தைகள்: எத்தனை சதவீதம் என்பதல்ல, யாரிடம் என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியம் 2025 இறுதியோடு முடிந்துபோனது; அடிப்படை மானியம் மட்டும் தொடர்கிறது. மக்கள் கையிலிருந்து கட்டும் பிரீமியம் எவ்வளவு ஏறியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மானியத்தைக் கணக்கிட்டு மக்களைக் காப்பீட்டில் சேர்க்கும் மாநிலச் சந்தைகளின் வருமானமும் இதே அடியில் ஆட்டம் காணும் என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. காரணம், பெரும்பாலான சந்தைகள் தங்கள் மூலம் விற்கும் பாலிசிகளின் பிரீமியத்தில் ஒரு பங்கை எடுத்துத்தான் பிழைக்கின்றன. ஆட்கள் குறைந்தால் வருமானம் குறையும். செலவு குறையாது.

இந்தச் சந்தைகளை உருவாக்கிய, ‘ஒபாமாகேர்’ எனப்படும் 2010-ஆம் ஆண்டின் சட்டத்தில் 1311-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சந்தையை உருவாக்க மத்திய அரசு நிதி தரும். 2015 ஜனவரி 1 முதல் அது தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டணம் வசூலிக்கலாம், வேறு வழியிலும் நிதி திரட்டலாம். எந்த வழி என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அந்தச் சுதந்திரத்தைச் சில மாநிலங்கள் நன்றாகப் பயன்படுத்தின. பல மாநிலங்கள், சொந்தச் சந்தை இல்லாத மாநிலங்களுக்காக மத்திய அரசு நடத்தும் மத்தியச் சந்தை வசூலித்த சதவீதத்தைப் பார்த்து ஏறக்குறைய அதையே எழுதிக்கொண்டன.

அந்தச் சதவீதம் நிலையானதும் அல்ல. மத்தியச் சந்தையின் கட்டணம் தொடக்கத்தில் 3.5 சதவீதம், 2025-இல் 1.5 வரை இறங்கி, 2026-க்கு மறுபடி 2.5 ஆனது. மின்னசோட்டா 1.5-இல் தொடங்கி 3.5-க்குப் போனது. கொலராடோ 1.4-இலிருந்து 3.5-க்கு ஏற்றியது. கலிஃபோர்னியா முதலில் தலைக்கு மாதம் 13.95 டாலர் என்று வாங்கிவிட்டு, 2017-இல் பிரீமியத்தில் 4 சதவீதம் என்று மாற்றிக்கொண்டது. தலைக்கு இவ்வளவு என்றால் வரவைக் கணிப்பது எளிது. ஆனால் விலை குறைந்த பாலிசிக்காரர் தலையில் அது பெரிய பங்காக விழும். சதவீதம் என்றால் அந்தக் குறை இல்லை. ஆனால் மருத்துவச் செலவு ஏறும்போதெல்லாம் சந்தையின் வருமானமும் காரணமில்லாமல் ஏறும். அழைப்பு மையத்தில் ஒரு போனை எடுக்கும் செலவுக்கும் அறுவை சிகிச்சையின் விலைக்கும் தொடர்பில்லை. இரண்டில் சதவீதமே மேல். ஆனால் ஆண்டுதோறும் அதைக் குறைக்கவும் இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் கணக்குப் போட்டால் தெரியும். ஒரு சிறிய மாநிலத்தின் சந்தைக்கு ஆண்டுச் செலவு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் வாடகை, அழைப்பு மையம், தகுதி சரிபார்ப்பு, தணிக்கை ஆகியவற்றில் பெரும்பகுதி ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாத செலவு. சராசரிப் பிரீமியம் மாதம் 500 டாலர், கட்டணம் 3 சதவீதம் என்றால் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 180 டாலர். 2 கோடி சேரச் சுமார் 1,11,000 பேர் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். 40,000 பேர்தான் என்றால் வரவு 72 லட்சம். பள்ளத்தை நிரப்பக் கட்டணத்தை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு எந்த நிறுவனமும் அங்கே கடை விரிக்காது.

ஹவாயில் இதுதான் நடந்தது. 1974-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி அங்கே பெரும்பாலான ஊழியர்களுக்கு முதலாளியே காப்பீடு தர வேண்டும். ஆகவே சந்தைக்கு வர வேண்டியவர்களே குறைவு. மத்திய அரசு 20 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியும், 2 சதவீதக் கட்டணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி ஆனது. 2015-இலேயே அந்த அமைப்பை மூடிவிட்டார்கள்.

அதனால்தான் கட்டணத்தை எந்தப் பரப்பின் மீது விதிக்கிறோம் என்பதே முதல் கேள்வி என்கிறேன். மேலே சொன்ன அதே மாநிலத்தில் எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் சேர்ந்து ஆண்டுக்கு 400 கோடி டாலர் என்றால், 2 கோடிக்கு அரை சதவீதம் போதும். சந்தையில் சேர்ந்தவர்கள் பாதியாகக் குறைந்தாலும் வரவு ஆடாது. கனெக்டிகட் சந்தைக்கு உள்ளும் வெளியும் தனிநபர், சிறுநிறுவனப் பாலிசிகள் அனைத்தின் மீதும் 1.35 சதவீதம் விதித்துத் தொடங்கியது. மேரிலாந்து ஏற்கெனவே வசூலித்துவந்த 2 சதவீதப் பிரீமிய வரியில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டது. கென்டக்கி, கடும் நோயாளிகளுக்கான பழைய காப்பீட்டுத் திட்டத்துக்காக வசூலித்த 1 சதவீதத் தீர்வையைச் சந்தைக்கு மாற்றியது. புதிய வரி எதுவும் போடாமலே வேலை முடிந்தது.

சந்தையில் ஒரு பாலிசிகூட விற்காத நிறுவனம் ஏன் கட்ட வேண்டும் என்ற எதிர்ப்பு வரும். வாஷிங்டன் டிசியில் எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் மீதும் சுமார் 1 சதவீதம் விதித்தபோது ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றத்துக்கே போனது. கேள்வி நியாயமானதுதான். பதிலும் உண்டு. ஒரே பாலிசியைச் சந்தையில் ஒரு விலைக்கும் வெளியே வேறு விலைக்கும் விற்கக் கூடாது என்பது சட்டம். சந்தைக் கட்டணத்தையும் நிறுவனத்தின் மொத்தத் தனிநபர் பாலிசிகள் மீது பரப்பித்தான் விலை வைக்கிறார்கள். வெளியே வாங்குபவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பரப்பை விரித்தால் அது ஒளிவுமறைவில்லாமல், சிறிய தொகையாக நடக்கும்.

மானியம் பெறுபவர் கட்டுவது அவர் வருமானத்தை ஒட்டிய தொகை என்பதால், பிரீமியத்துக்குள் இருக்கும் கட்டணத்தின் பெரும்பகுதியை வரிச்சலுகையாக வரும் மத்திய அரசின் மானியமே உறிஞ்சிக்கொள்கிறது. மானியம் இல்லாதவர் முழுவதையும் தானே சுமக்கிறார். 2026 முதல், வறுமைக்கோட்டு வருமானத்தின் 4 மடங்குக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அனைவரும் அந்த வரிசைக்கு வந்துவிட்டார்கள். குறுகிய பரப்பில் கட்டணத்தை ஏற்றினால் முதலில் வெளியேறப் போவதும் அவர்களே. விரிந்த பரப்புக்கும் எல்லை உண்டு: தாங்களே பணம் ஒதுக்கி ஊழியர்களின் மருத்துவச் செலவைக் கொடுக்கும் பெரிய நிறுவனங்களின் திட்டங்களை 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாநிலத்தின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. அந்தப் பிரீமியத்தைக் கணக்கில் சேர்த்து மதிப்பீடு போட்டால் முதல் ஆண்டிலேயே துண்டு விழும்.

வரவுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டோடு செலவைப் பங்கிடுவது. ஒரே விண்ணப்பம், ஒரே மென்பொருள் இரண்டுக்கும் தகுதி பார்க்கிறது. மெடிக்கெய்ட் பங்குக்கு, அமைப்பை உருவாக்க 90 சதவீதமும் நடத்த 75 சதவீதமும் வரை மத்திய அரசு தரும். தகுதியான பங்கைச் சந்தையே சுமந்தால் அது வீண் நஷ்டம். ஆனால் பங்கீட்டு விகிதம் உண்மையான எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். மேரிலாந்து பழைய மதிப்பீட்டையே வைத்துக்கொண்டு 2.84 கோடி டாலரைத் தவறான கணக்கில் எழுதியதாக மத்தியத் தணிக்கை 2015-இல் சுட்டிக்காட்டியது. காலாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் புதுப்பித்து, அதற்கான ஆவணத்தையும் அன்றே கோப்பில் வைக்க வேண்டும்.

வரவுசெலவுத் திட்டம் போடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜனவரியில் 1 லட்சம் பேர் பதிவு செய்தார்கள் என்று அறிவித்துவிட்டு அதை 12-ஆல் பெருக்குகிறார்கள். எட்டாயிரம் பேர் முதல் பிரீமியமே கட்டாமல், பிறகு மாதம் நிகரமாக ஆயிரம் பேர் விலகினால், ஆண்டில் கிடைப்பது 12 லட்சம் உறுப்பினர் மாதங்கள் (ஒருவர் ஒரு மாதம் காப்பீட்டில் இருந்தால் ஒன்று) அல்ல, 10,38,000. தலைக்கு மாதம் 15 டாலர் (500-இல் 3 சதவீதம்) கணக்கில் துண்டு 24 லட்சத்துக்கு மேல். இதோடு சலுகைக் காலமும் சேரும். மானியம் பெறுபவர் பிரீமியம் கட்டத் தவறினால் 3 மாத அவகாசம். அதற்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் காப்பீடு முதல் மாதக் கடைசித் தேதியோடு முடிந்ததாகக் கருதப்படும். இரண்டாம், மூன்றாம் மாதங்களுக்கு நிறுவனத்திடம் வாங்கிய கட்டணத்தைச் சந்தை திருப்பித்தர வேண்டும். நிறுவனத்தின் பட்டியலும் சந்தையின் பட்டியலும் மாதந்தோறும் ஒப்பிடப்படாவிட்டால் இந்தத் தொகைகள் ஆண்டு இறுதியில் ஒரே சண்டையாக வெடிக்கும். வரவைப் பதிவு எண்ணிக்கையில் போடாமல் உறுப்பினர் மாதத்தில் போடுங்கள்.

மென்பொருள் விஷயத்தில் அனுபவம் தெளிவாகவே பேசுகிறது. ஆரிகன் தானே கட்டிய தளம் இயங்காமல் 2014-இல் கைவிட்டது. நெவாடாவும் அதே ஆண்டு தன் தளத்தைக் கைவிட்டு மத்தியத் தளத்துக்குப் போனது. அதற்கான கட்டணம் 2017-இல் 1.5, 2018-இல் 2, 2019-இல் 3 சதவீதம் என்று ஏறியதும், வேறு மாநிலங்களில் ஓடிப் பழகிய ஆயத்தத் தளத்தை வாடகைக்கு எடுத்து 2020-க்குத் தனியே வந்துவிட்டது. பென்சில்வேனியா 2021-இல் அப்படி மாறி, மிச்சமான பணத்தை, நிறுவனங்களின் பெரிய மருத்துவச் செலவில் ஒரு பங்கை ஏற்கும் மறுகாப்பீட்டுக்குத் திருப்பிப் பிரீமியத்தைக் குறைத்தது. புதிதாக எழுதாதீர்கள், ஓடுவதை வாடகைக்கு எடுங்கள். ஒப்பந்தத்தில் தரவு மாநிலத்துக்கே சொந்தம் என்ற வரியும், விற்பனையாளர் விலகினால் மாற்றிக்கொடுக்கும் காலமும் செலவும் கட்டாயம் இருக்கட்டும்.

2025 ஜூலையில் வந்த மத்தியச் சட்டப்படி, 2028 முதல் மானியத்துக்கு முன்கூட்டியே தகுதி சரிபார்க்க வேண்டும். கேட்காமலே மானியத்தோடு புதுப்பிக்கும் வழக்கம் நின்றுவிடும். ஆட்கள் குறையும் அதே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஆகும் வேலை கூடுகிறது. ஆகவே சட்டமன்றங்கள் இந்தக் கூட்டத்தொடர்களிலேயே கட்டணப் பரப்பை விரிக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதச் செலவுக்கு இருப்பு நிதி வைக்கவும், அதற்கு மேல் சேர்ந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் குறைக்கவும் சட்டத்திலேயே எழுத வேண்டும். மாநிலப் பொது நிதியில் பற்றாக்குறை வரும் ஆண்டில் அந்த இருப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரு வரியையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், வேலை இழந்தவர்கள் சந்தையை நாடி வரும் ஆண்டில் அழைப்பு மையத்துக்கு ஆள் போடப் பணம் இருக்காது.