நீ அனுப்பிய பயிற்சித் திட்டத்தைப் படித்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பயிற்சித் திட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். நல்ல மருத்துவம் எட்டாதவர்களையும், வேலையும் வறுமையும் விடாததால் நோய் முற்றிப்போனவர்களையும் அழைத்து, ஊடகங்களிடம் தங்கள் நிலையைத் தாங்களே பேசப் பழக்கப்போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், முதல் அமர்வுக்கே 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறாயே, அங்கேதான் எனக்குத் தயக்கம்.

என் பேட்டி வெளியானபோது நீ சிறுமி. உனக்கு அது முழுதாக நினைவிருக்காது. கால் விரல்கள் இரண்டை எடுத்த சில வாரங்களில் ஒரு செய்தியாளர் வந்தார். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். சர்க்கரை நோய்ப் பிரிவு காலையில் மட்டுமே இயங்கியதையும், ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு நாள் கூலி போனதையும், இன்சுலினைக் குளிராக வைக்க வீட்டில் வழியில்லாததையும் விவரமாகச் சொன்னேன். அவர் எழுந்திருக்கும்போதுதான், "புண் வந்தவுடனே ஏன் போகவில்லை?" என்று கேட்டார். "பயமாக இருந்தது" என்றேன். அவர் பேனாவை மூடவில்லை. ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல், "கொஞ்சம் அசட்டையாகவும் இருந்துவிட்டேன்" என்று நானாகவே சேர்த்தேன். அச்சில் வந்தவை அந்த இரண்டு வாக்கியங்களும், கட்டுப்போட்ட என் காலின் படமும்தான். அவர் பொய் எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். அதனாலேயே யாரிடமும் முறையிடவும் முடியவில்லை.

செய்திகள் மக்களின் எண்ணத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஷாந்தோ ஐயங்கார் 1991-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி நீ எழுதியிருந்த பத்தியைப் படித்தபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. வறுமையை ஒரு தனி ஆளின் கதையாக மட்டும் காட்டும் செய்தியைப் பார்ப்பவர்கள் பழியை அந்த ஆளின் மீதே போடுகிறார்கள் என்றும், பின்புலத்தோடு காட்டும்போதுதான் சமூகத்தையும் அரசையும் நோக்கிக் கேள்வி திரும்புகிறது என்றும் நீ எழுதியிருக்கிறாய். அப்படியிருக்கையில், 'கதையைச் சொல்லுங்கள்' என்று தொடங்கினால், வருபவர்களை நாமே அந்தப் பழிக்குள் தள்ளிவிட மாட்டோமா? முதல் அமர்வில் எதைச் சொல்ல மாட்டோம் என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். நோயின் பெயரைச் சொல்லலாமா, முகத்தைக் காட்டலாமா, பிள்ளையின் பள்ளியில் யாராவது பார்த்தால் என்ன ஆகும், கணவருக்கோ மனைவிக்கோ அதே தொற்று இருந்தால் அவர்களையும் சேர்த்தே வெளிப்படுத்திவிடுகிறோமா என்பவற்றையெல்லாம் கேமரா இல்லாத அறையில் அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஆஃப் த ரெக்கார்ட்', அதாவது சொல்வதை வெளியிடக் கூடாது என்பது, வாயைத் திறப்பதற்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஏற்பாடு, பேசி முடித்த பிறகு "இதை எழுதாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வது வெறும் வேண்டுகோள்தான் என்ற ஒன்றை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும்.

ஆனாலும், சொந்த அனுபவத்தையே ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் பேசச் சொல்வதும் சரியில்லை. பிரிட்டனில் ஏழை பணக்காரர் இடையிலான உடல்நல ஏற்றத்தாழ்வைக் காட்டிய பிளாக் அறிக்கையை 1980-இல் விடுமுறை நாளை ஒட்டி, சுமார் 260 படிகள் மட்டுமே எடுத்து, சத்தமில்லாமல் வெளியிட்டார்கள் என்று நீதானே எழுதியிருக்கிறாய். முகமில்லாத எண்ணை அமுக்கிவிடுவது எளிது. ஆகவே ஒவ்வொருவரும் தம் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியையும், அதைத் தம்மோடு நிற்காமல் பலருக்கும் பொதுவாக்குகிற ஒரே ஒரு எண்ணையும் கையில் வைத்திருக்கட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் அதிபர் வேட்பாளர்களின் பேச்சையே 1968-இல் சராசரியாக 40 வினாடிக்கு மேல் விட்டவர்கள், 1988-இல் 10 வினாடிக்கும் கீழே வெட்டிவிட்டார்களாம். நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துக்கொள். அந்தச் சில வினாடிகளில் நான், "எனக்குப் பயமாக இருந்தது, ஒரு நாள் கூலியை இழந்தால்தான் மருத்துவரைப் பார்க்க முடியும் என்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாம் பாதி எனக்கு அன்று வாயில் வரவில்லை.

அந்த இரண்டாம் பாதியைத்தான் பழக்க வேண்டும். செல்பேசியில் பதிவு செய்து அவர்களே பார்க்கட்டும். பதில் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பேசாமல் இருக்கப் பழகட்டும். "எனக்குத் தெரியாது" என்பதும் பதில்தான். அதற்காக எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடாதே. திக்குவதும் வட்டாரப் பேச்சும் அப்படியே இருக்கட்டும். பயிற்சி முடிவில் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒருவர் விலகினால், அதையும் உன் பயிற்சியின் பலன் என்றே எழுதிக்கொள்.

உன் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்ததைப் பற்றிய பகுதி. 1983-இல், எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே விலகிப்போன காலத்தில், அந்த நோயுள்ளவர்கள் ஒரு மாநாட்டு மேடையில் ஏறி, எங்களைப் 'பாதிக்கப்பட்ட பரிதாபத்துக்குரியவர்கள்' என்று அழைக்காதீர்கள், நாங்கள் எய்ட்ஸ் உள்ள மனிதர்கள் என்றார்களே! ஊடகங்களை எதிர்கொள்ளும் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அன்றைய அறிக்கையில் இருந்தது என்று படித்தேன். உன் திட்டத்திலோ பேசுகிறவர்களை அமைப்பே தேர்வு செய்கிறது. நன்றாக அழுபவரையும் நன்றாகப் பேசுபவரையும் மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பும் பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது. அந்த முடிவை அவர்களிடமே விட்டுவிடு.

பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருபவர்களின் அன்றைய கூலியையும் பயணச் செலவையும் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் எந்தக் குறையைப் பேச அழைக்கிறாயோ அதையே நீயும் செய்தவளாவாய். பேட்டி வெளியான அன்று இரவு யாராவது அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். அன்றைக்குத்தான் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கருத்துச் சொல்வார்கள். என்னிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. உன் அப்பா மட்டும் அந்தப் பக்கத்தை நான் பார்க்காதபடி மடித்து வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் வந்து என் அனுபவத்தைப் பேசச் சொல்லியிருக்கிறாய். வருகிறேன், ஆனால் பேச அல்ல. ஒத்திகையில் செய்தியாளராக உட்காரும் வேலையை எனக்குக் கொடு. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, "ஏன் முன்பே போகவில்லை?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா