கோயில்காடுகளைத் தரையில் இறங்கி அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோழமண்டலக் கரையில் மிச்சமிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் பல, ஐயனார், அம்மன் கோயில்களை ஒட்டித்தான் பிழைத்திருக்கின்றன. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டைப் பலர் பார்த்திருப்பார்கள். வீரை, காசா, இரும்பிலி, உலக்கைப்பாலை என அதிகம் உயராத மரங்கள். கோடை முழுக்கப் பச்சையாகவே நிற்பவை.

அரசின் வனப்பரப்புக் கணக்கில் இவற்றுள் சிறியவற்றுக்கு இடமில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீத மர விதானம் (கிளையும் இலையும் கவிந்த கூரை) இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வியே கிடையாது. கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்பு அதில் சேர்ந்துவிடும். ஒரு ஏக்கர் கோயில்காடு சேராது. காட்டை அழித்துச் சவுக்கு வைத்தாலும் நாலைந்து வருடத்தில், செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாரிக்கும் வரைபடம் பழையபடி பச்சையாகிவிடும்.

இன்னொரு சிக்கல், மேலிருந்து பார்த்தால் அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஆடு மேய்ந்து, சருகு கூட்டி, பொங்கல் வைக்கத் தளம் போட்ட இடத்தில் விதை விழுந்தும் முளைக்காது. பெரிய மரங்கள் நிழல் கட்டி நிற்கும், கீழே வாரிசு இருக்காது. அப்படிப்பட்ட காடு படத்தில் முழு நலத்தோடுதான் தெரியும்.

ஆகவே நிரந்தர மாதிரித் திட்டுகள், அதாவது அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்க ஒதுக்கிய இடங்கள், தேவை. 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து மூலைக்கல் நட வேண்டும். 10 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் கொடிக்கும் அலுமினியத் தகட்டில் எண். அளவு எடுப்பது 1.37 மீட்டர் உயரத்தில்; அந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டால்தான் அடுத்தவர் அதே இடத்தில் நாடா பிடிப்பார். ஆணியைக் கோட்டின் மேலேயே அடிக்கக் கூடாது. அங்கே பட்டை புடைத்து, மரம் பருத்ததாகக் கணக்கு வரும். ஓரடி தள்ளி அடிக்கலாம்.

இம்மரங்கள் பருப்பது மிக மெதுவாக. நாடா சற்றே சாய்ந்தாலும், கொடியைச் சேர்த்துப் பிடித்தாலும், பல வருட வளர்ச்சியை விழுங்கும் பிழை வந்துவிடும். மழை முடிந்து பட்டை நீரேறியிருக்கும் ஜனவரியில் முதல் முறையும், காய்ந்த ஜூனில் அடுத்த முறையும் அளந்தால் மரம் இளைத்துவிட்டது என்று அறிக்கை வரும். மாதம் மாறவே கூடாது. காசா போன்றவை வெட்டுப்பட்டால் தூரிலிருந்து பல கிளை விடும். எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து ஒரே எண்ணின் கீழ் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மரம் ஐந்தாகி, காடு பெருகிவிட்டதாகக் கூட்டுத்தொகை சொல்லும்.

கன்றுகளுக்கு ஒரு மீட்டர்ச் சதுரங்கள் போதும். ஜனவரியில் எண்ணி, வருடத்துக்கொரு நிறமாகக் கம்பி வளையம் மாட்டி, ஜூனில் மறுபடி எண்ணினால் கோடையைத் தாண்டியது எத்தனை என்று தெரியும். எங்களைக் கேட்டால் மற்ற எல்லா எண்களையும்விட இதுதான் முக்கியம். ஆனால் பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். நட்டவையும் நாற்றங்காலில் எளிதாகக் கிடைக்கும் புங்கனும் வேம்புமாக இருக்கும். நாவல் விதையைக் காயவைத்தால் செத்துவிடும். பழம் விழுந்த சூட்டிலேயே விதைக்க ஆளில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. முன்பே எண்ணிட்டு வைக்காத காட்டில் எந்த மரம் போயிற்று, எது துளிர்த்தது என்று இனிச் சொல்ல வழியில்லை. மூன்று ஆண்டு நிதியில் தொடங்கி நிற்கும் ஆய்வுகளால் இது ஆகாது. குறைந்தது பத்தாண்டு தேவை.

பல்லுயிர்ச் சட்டம் 2002 படி ஊராட்சிகள் தம் ஊரின் உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலேயே இந்த அளவுகளை ஏற்றலாம். நாடா, தகடு, பெயின்ட், ஆண்டுக்குச் சில நாள் இரண்டு பேர் கூலி, இவ்வளவுதான் செலவு. பதிவேட்டின் நகல் ஒன்று பூசாரியிடமும் இருக்கட்டும். தகட்டைப் பிடுங்கிப் பழைய சாமான் கடையில் போடாமல் தடுக்க அவரால்தான் முடியும்.

இப்படிக்கு,
தாவரவியல் களப்பணியாளர்கள் சிலர்,
திண்டிவனம்.