மங்கலான 40 மடங்கு வில்லை: மாற்றித் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் தாருங்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு 11.

ஐயா / அம்மணி,

உங்கள் புறக்கோட்டைக் கடையில் 24,500 ரூபாய்க்கு வாங்கிய நுணுக்குக்காட்டி பற்றித் தொலைபேசியிலும் சொன்னேன், நேரில் வந்தும் சொன்னேன். "உங்களுக்குப் பாவிக்கத் தெரியேல்ல போல" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, இனி எழுத்திலேயே பேசுவோம்.

எதற்காக வாங்குகிறேன் என்பதை அன்றே உங்கள் விற்பனையாளரிடம் விளக்கமாகச் சொன்னேன். என் கடல்நீர் மீன் தொட்டியில் மணலிலும் பவளங்களிலும் பழுப்புச் சளி படர்ந்து, காற்றுக்குமிழிகளோடு இழை இழையாகத் தொங்குகிறது. அது டயற்றமா, சயனோபக்டீரியாவா, டைனோஃபிளாஜலேட்டா (மூன்றும் தொட்டியில் படரும் நுண்ணுயிர்கள்; கடைசியைச் சுருக்கமாக டைனோ என்போம்) என்று வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. டைனோ என்று தெரிந்தாலும் போதாது, எந்த இனம் என்றும் தெரியவேண்டும். ஒஸ்ட்ரியோப்சிஸ் என்றால் இரவில் மணலை விட்டு நீரில் கலக்கும், புறஊதா விளக்கு பூட்டினால் பலன் உண்டு. பெரிய வகை அம்ஃபிடினியம் மணலை விட்டு எழும்பாது. அதற்கு அந்த விளக்கை வாங்கினால் காசுதான் கரியாகும். இவற்றைப் பிரித்தறிய 400 மடங்கு (40 மடங்கு வில்லையோடு 10 மடங்குக் கண்வில்லை) தெளிவாகத் தெரிந்தால் போதும். "இது 2000 மடங்கு காட்டும், பயப்படாதீங்க" என்றார் உங்கள் ஆள்.

4, 10 மடங்கு வில்லைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைக்கு நல்லவை. 40-ஐத் திருப்பினால்தான் வினை. ஒரு சொட்டுத் தொட்டி நீர், மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி, விளக்கொளியைக் குறைத்து, ஒளி வரும் துளையையும் (டயபிரம்) ஒடுக்கிப் பார்த்தேன். படம் வெளிறி, கலங்களின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு. பெட்டியில் 'அக்ரோமற்றிக், 0.65' என்று அச்சிட்டிருக்கிறீர்கள்; அதாவது நிறப்பிசிறைக் குறைக்கும் வில்லை, நுண்விவரம் பிரித்துக் காட்டும் திறனுக்கான எண் 0.65. வில்லையின் உடலிலோ '40' என்பதைத் தவிர ஓர் எழுத்தும் இல்லை.

பாவனையில் பிழை என்கிறீர்களே, அதையும் சோதித்தோம். உயிரியல் ஆசிரியரான என் மைத்துனரின் நுணுக்குக்காட்டியிலிருந்து 40 மடங்கு வில்லையைக் கழற்றி உங்கள் கருவியில் பூட்டினோம். மரை இரண்டிலும் ஒரே அளவுதான். அதே சொட்டு, அதே விளக்கு, படம் பளிச்சென்று வந்தது: நீர்த்துளி வடிவக் கலங்கள், கூரான முனையை ஊன்றிக்கொண்டு சுழல்கின்றன. ஒஸ்ட்ரியோப்சிஸ். பிறகு உங்கள் வில்லையை அவருடைய கருவியில் மாட்டினோம். அங்கும் அதே மங்கல். இதற்குமேல் என் கையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

20 மடங்குக் கண்வில்லையைப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் சரியான ஆலோசனை அல்ல. 0.65 உள்ள வில்லையில் ஏறக்குறைய 650 மடங்குக்கு மேல் புதிதாக எதுவும் தெரியாது. மங்கலான முகப்படத்தைச் சுவரொட்டி அளவில் அச்சடித்தால் மூக்குத்தான் பெரிதாகும். 2000 மடங்கு என்பது 20-ஐ 100 ஆல் பெருக்கி வந்த கணக்கு. அந்த 100 மடங்கு வில்லைக்கும் கவர்ஸ்லிப்புக்கும் இடையில் விட எண்ணெய் வேண்டும், அதைப் பெட்டியில் வைக்கவே இல்லை. மீன் தொட்டிக்காரருக்கு அந்த எண்ணைக் காட்டி விற்பது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள். அப்புறம், பார்க்கும் பொருளை வைக்கும் மேடை தானாகக் கீழே இறங்குவதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். திருகை இறுக்கியும் நிற்கவில்லை.

பெட்டியில் உள்ளபடி 0.65 அக்ரோமற்றிக் 40 மடங்கு வில்லை ஒன்றைத் தந்து, மேடையையும் செலவில்லாமல் திருத்தித் தாருங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். வேறு பொருள் வாங்கும் கூப்பன் எனக்கு வேண்டாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும், இரண்டு வில்லைகளிலும் எடுத்த படங்களும் இத்துடன் உள்ளன. கருவி அதன் பெட்டியிலேயே இருக்கிறது. சொன்னால் கொண்டுவந்து, உங்கள் கடையிலேயே மாட்டிக் காட்டத் தயார்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்