ரோஜாப்பூ தட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

"இங்கே பாரிஸ்ல பழைய சாமான் சந்தையில் இதே மாதிரி தட்டு சல்லிசாகக் கிடைக்குதும்மா, எதுக்கு அனுப்புறே" என்று நேற்று போனில் கேட்டாய். கிடைக்கும்தான். அதில் உன் ஆயா கை பட்டிருக்காதே, கண்ணு.

1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த பிறகு, ஊருக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றது. தாத்தா இந்த ஒரு டஜனை அப்போதுதான் வாங்கினாராம். ஆயாவுக்குப் பீங்கான் புதிது. பித்தளைக்குப் போடுவது போலச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டார். இரண்டு தட்டுகளில் தங்க விளிம்பு மங்கியிருப்பது அதனால்தான். பீங்கான் மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சைத்தான் மெருகு என்பார்கள். அதற்கு மேலே தங்கத்தைப் பூசி, குறைந்த சூட்டில் சுடுவார்கள். சாம்பலுக்கு அது தாங்காது. உன் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் தாங்காது. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

ஒன்றைத் திருப்பிப் பார். பச்சை எழுத்தில் 'ஹாவிலாண்ட், பிரான்ஸ்' என்று இருக்கும். அந்த முத்திரை மெருகுக்கு அடியில் இருப்பதால் தேயவே இல்லை. டேவிட் ஹாவிலாண்ட் என்ற நியூயார்க் வியாபாரி 1842-ல் பிரான்ஸில் லிமோஜ் என்ற ஊருக்குப் போய்த் தொடங்கிய கம்பெனி அது. லிமோஜுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், வைத்தியர் ஒருவரின் மனைவி துணி வெளுக்க எடுத்த வெள்ளை மண்தான் பீங்கான் செய்யும் கயோலின் என்று 1760-களில் தெரிய வந்ததாகச் சொல்வார்கள். நம் ஊரில் உவர்மண் எடுத்து வெளுத்தார்களே, அது மாதிரி. அந்த மண்ணை 1,400 டிகிரி சூட்டில் சுட்டால்தான் இப்படிக் கண்ணாடி போல இறுகும். சின்ன வயதில் ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னால் விரல் நிழலாடுவதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஆயா பதறி ஓடி வருவார்.

அவர் பொங்கலுக்கு மட்டும்தான் பீரோவிலிருந்து இறக்குவார். நீ அப்படிப் பூட்டி வைக்காதே. மீன் குழம்பே ஊற்றிச் சாப்பிடு, மஞ்சள் ஒட்டாது. சாப்பிட்டதும் கையால் கழுவி, அடுக்கும்போது நடுவே துணி போடு. அவ்வளவுதான்.

எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் பாரிஸ் வருகிறான், கொடுத்து விடுகிறேன். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, நிற்க வைத்து அடுக்கியிருக்கிறேன். வந்ததும் எண்ணிப் பார், பதினொன்று இருக்கும். பன்னிரண்டாவது, விளிம்பில் சில்லுப் போனது, என்னிடம் இருக்கட்டும். தினமும் காலையில் அதில்தான் இட்லி சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா